மேல் தட்டில் அண்ணியின் கார்

அந்த வீட்டில் அண்ணியை யாரும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. சிக்கலே அதுதான். திட்டுகிறவர்களைத் திருப்பித் திட்டலாம், கோபித்துக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்கலாம். உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறவர்களை ஒன்றும் செய்ய முடியாது. தாங்கட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

உறவுமுறைப்படி அவளை அண்ணி என்று கூப்பிட ஒரே ஒருவன்தான் உண்டு, கணவனின் தம்பி. ஆனால் அவன் வாயிலிருந்து கிளம்பிய சொல் தெரு முழுக்கப் பரவி, பால் போடுகிறவர், மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். தம்பியின் மனைவி மட்டும் அக்கா என்பாள். அவர்களுடைய ஒரே மகள், கல்லூரிக்குப் போகிறவள், பெரியம்மா என்பாள். அண்ணிக்குப் பிள்ளைகள் இல்லை. கணவன் போய் ஆறு வருஷமாகிறது. "அண்ணி எப்பவும் எங்களோடதான்" என்று அன்றைக்கே தம்பி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். அதை அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அண்ணிக்கே தோன்றவில்லை.

வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் லாரி எடைமேடை இருக்கிறது. அங்கே இருபத்தாறு வருஷமாக அவளுக்கு வேலை. லாரி வந்து இரும்புத் தளத்தில் ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் அவளுக்கு முன்னால் எண்கள் ஓடி ஓடி ஒரு இடத்தில் நிற்கும். நின்றதை அப்படியே சீட்டில் அடித்துக் கொடுப்பாள். ஜல்லியானாலும் இரும்புக் கம்பியானாலும் ஒரு கிலோ கூட்டியதில்லை, குறைத்ததில்லை. "ஒரு அறுபது கிலோ கொறச்சுப் போடுங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று குழைகிற டிரைவர்களிடம், "நீ இறங்கி நில்லு, எழுபது கொறையும்" என்பாள். அவர்கள் வைத்த பெயர் கிலோ அக்கா.

கணவன் இறந்த வருஷம், நாற்பத்தெட்டு வயதில், டிரைவிங் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம் அவசர ஆத்திரத்துக்கு உதவுமே என்றாள். நல்ல பதில். எல்லோரும் தலையாட்டினார்கள். பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கித் தெருவில், வீட்டு வாசலை ஒட்டி நிறுத்திக்கொண்டாள்.

அவசரமும் ஆத்திரமும் வரவேயில்லை. அவளோ தினமும் காலை ஆறு மணிக்கு அந்தக் காரை எடுத்தாள். எங்கே போவாள் என்றால், எங்கேயுமில்லை. மேம்பாலம் ஏறி, சுற்றுச்சாலையைப் பிடித்து, மனம் போன பக்கம் திரும்புவாள். சில நாள் வாய்விட்டுப் பாடுவாள். குரல் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது, கேட்கவும் ஆளில்லை, அதுதான் வசதி. சில நாள் செத்துப்போன கணவனைப் பிடித்து நாலு கேள்வி கேட்பாள். காரணமே இல்லாமல் அழுததும் உண்டு. ஏழு மணிக்குத் திரும்பி வந்து, நிறுத்திய இடத்திலேயே நிறுத்திவிட்டு அடுப்பில் பாலை வைப்பாள். படுக்கையறைகள் வீட்டின் பின்பக்கம் இருந்தன. மற்றவர்கள் கொட்டாவி விட்டபடி எழுந்து வரும்போது, ராத்திரி முழுக்க அங்கேயே நின்ற மாதிரி அடுப்படியில் நிற்பாள்.

மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரம் அவள் யாருக்கும் அண்ணியில்லை, அக்காவில்லை, பெரியம்மாவுமில்லை. இருபத்துநாலில் இருபத்துமூன்றை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். இது பேராசை என்றால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்படி ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடிய பிறகு ஒருநாள் நகரசபை ஆட்கள் வந்து தெருவின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கோடு போட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து அந்தத் தெருவில் கார் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கார் ஷெட். அதில் தம்பியின் புதுக் கார், வயிறு புடைத்த பெரிய கார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

"அண்ணி காரை வேற எங்கயோ கொண்டுபோய் அனாதையா நிறுத்தறதா? அது நடக்காது" என்றான் தம்பி. நாலு நாள் செல்போனைத் தேய்த்தான். ஐந்தாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அறிவித்தான். "லிஃப்ட் போடப் போறோம். ஒரு கார் மேல, ஒரு கார் கீழ. நம்ம தெருவுலயே மொத தடவை."

லிஃப்ட் மாட்டுகிறவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். சட்டைப் பையில் பென்சில், இடுப்பில் அளவு நாடா, வாயில் எப்போதும் பாதி மென்ற ஏதோ ஒன்று. நல்ல மனிதர். ஷெட்டின் உயரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்தக் காலத்தில் மாமனார் சரக்கு வேனுக்காகக் கட்டிய ஷெட், உயரத்துக்குக் குறைச்சல் இல்லை. கையிலிருந்த படப் புத்தகத்தைக் காரின் மேல் விரித்தார். தம்பி, மனைவி, மகள் மூன்று பேரும் கல்யாண ஆல்பம் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்கள். அண்ணி ஓரமாக நின்றாள்.

"இது நாலு கால் மாடல். உறுதின்னா அப்படி ஒரு உறுதி. ஆனா உங்க ஷெட்டு அகலம் பத்தாது, கார் கதவத் தொறந்தா தூண்ல இடிக்கும். இது குழி மாடல். குழி வெட்டி, ஒரு கார பூமிக்குள்ளயே இறக்கிடும். மேல இருக்கறது அதுபாட்டுக்குப் போகும், கீழ இருக்கறது அதுபாட்டுக்கு வரும். ஒருத்தருக்காக ஒருத்தர் காத்துக்கிட்டு நிக்க வேணாம்."

"இது நல்லா இருக்கே" என்றாள் அண்ணி. அன்றைக்கு அவள் தானாகச் சொன்னது அது ஒன்றுதான்.

லிஃப்ட்காரர் தரையில் இருந்த வட்ட மூடியைக் காலால் தட்டினார். "ஆனா இங்க கழிவுநீர்க் குழாய் போகுதேம்மா. இதத் தொட்டா மூணு வீடு சேந்து நாறும்."

ஆக, மிஞ்சியது இரண்டு கால் மாடல். இரண்டு பக்கமும் இரும்புத் தூண், நடுவில் கார் நிற்க ஒரு தட்டு.

"இதுல ஒரே ஒரு விஷயம்" என்றார் அவர். "கீழ நிக்கற கார் வெளிய போனாத்தான் மேல இருக்கறத இறக்க முடியும். அதனால தினமும் எடுக்கற வண்டி கீழ, எப்பவாவது எடுக்கறது மேல. உங்க வீட்ல எது எப்படி?"

"என்னோடது தினமும் போகும், ஒம்பதரை மணிக்கு" என்றான் தம்பி. "அண்ணி கார் சும்மாதான் நிக்குது."

"அக்கா நடந்துதானே வேலைக்குப் போறாங்க" என்றாள் அவன் மனைவி.

"பெரியம்மா அதத் தொடச்சு வைக்கத்தான் வாங்கினாங்க" என்று மகள் சிரித்தாள்.

லிஃப்ட்காரர் ஒழுங்கான தொழில்காரர். சம்பந்தப்பட்டவரின் வாயால் கேட்காமல் எழுதிக்கொள்ள மாட்டார். பென்சிலைப் பிடித்தபடி அண்ணியைப் பார்த்தார். "அப்படிங்களாம்மா?"

அங்கேதான் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். தினமும் எடுக்கிறேன் என்று இரண்டு சொல். சொன்னால் உடனே, எங்கே என்று வரும். எங்கேயும் இல்லை என்றால் மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஐந்து வருஷமாகவா, எங்களிடம் சொல்லாமலா, ஏன், எங்களோடு இருக்கப் பிடிக்கவில்லையா? அத்தனையும் ஒரு நொடியில் அவள் மனதுக்குள் ஓடி முடிந்தது. முன்பின் தெரியாத ஒருவர் பென்சிலோடு காத்திருக்கிறார்.

"ஆமா" என்றாள்.

இருபத்தாறு வருஷத்தில் அவள் அடித்துக் கொடுத்த முதல் பொய்ச் சீட்டு அது. அவளை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அந்த இடத்தில் நின்று பார்த்தால் நானும் ஆமா என்றுதான் சொல்லியிருப்பேன்.

போகிறபோது அவர், இரண்டு காரின் எடையும் தோராயமாகத் தெரிந்தால் நல்லது என்றார். தோராயம் என்ற சொல் அண்ணிக்கு ஆகாது. அன்றைக்குச் சாயந்தரமே தன் காரையும், தம்பியை ஓட்டச் சொல்லி அவன் காரையும் எடைமேடையில் ஏற்றி இறக்கிச் சீட்டு எடுத்துவிட்டாள். அவளுடையது எழுநூற்றுத் தொண்ணூறு. தம்பியுடையது ஆயிரத்து எழுநூற்று இருபது. மறுநாள் சீட்டைப் பார்த்த லிஃப்ட்காரர் மெல்லுவதையே நிறுத்திவிட்டார்.

"இத்தன வருஷத்துல சீட்டோட வந்த கஸ்டமர் நீங்கதான்மா. உங்க வண்டி பூ மாதிரி. மேல வெச்சா தூணுக்கும் நல்லது, தரைக்கும் நல்லது. கண்ண மூடிக்கிட்டு மாட்டலாம்."

"எடை என்ன எடை" என்றான் தம்பி. "எப்படிப் பாத்தாலும் அண்ணி வண்டிதான் மேல இருக்கணும். என் வண்டி மேல ஏறி உக்காந்துக்கிட்டு, அண்ணி வண்டி அதுக்கு அடியிலயா? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

மேல் தட்டு யாருக்கு என்பது இப்படி முடிந்தது. தன் கையாலேயே அச்சடித்த சீட்டை அண்ணி பத்திரமாகக் கோப்பில் செருகி வைத்தாள்.

ஷெட்டுத் தரையைத் துளை போட்டுப் பார்த்ததில் கான்கிரீட் எட்டு சென்டிமீட்டர்தான் இருந்தது. தூண் நிற்க அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். உடைத்தார்கள், கம்பி கட்டினார்கள், புதிதாகப் போட்டார்கள். இருபத்தெட்டு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் லிஃப்ட்காரர். தம்பியின் கார் நண்பன் வீட்டு வளாகத்துக்குப் போனது. அண்ணியின் காருக்கு மட்டும் நகரசபையில் தற்காலிக அனுமதி வாங்கிக் கண்ணாடியில் ஒட்டினார்கள்.

அதிகாலையில் எழுகிறவள் அவள்தான் என்பதால் தண்ணீர் ஊற்றும் பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது. ஐந்தே முக்காலுக்கு ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு தரைக்குத் தண்ணீர் விடுவாள். ஆறு மணிக்குக் காரை எடுப்பாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று மேம்பாலத்தில் ஏறும்போது முடிவு செய்வாள். திரும்பி வந்து தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அந்த முடிவு எங்கே போகுமோ தெரியாது. ஒருநாள் துணிந்து ஆரம்பித்தும் விட்டாள்.

"தம்பி, அந்த லிஃப்ட் விஷயமா ஒண்ணு..."

"நீங்க கவலையே படாதீங்க அண்ணி. உங்க வண்டிக்குத் தனியா ஒரு உறை தைக்கச் சொல்லியிருக்கேன். மேல தூசி பட விடுவேனா?"

அண்ணி தலையாட்டினாள். தரை நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே வந்தது.

இருபத்தொன்பதாம் நாள் தூண்கள் வந்தன. நாலு பேர் சேர்ந்து நிறுத்தி, மட்டம் பார்த்து, கட்டைவிரல் தடிமன் போல்ட்டுகளைத் தரைக்குள் இறக்கி முடுக்கினார்கள். மோட்டார் வைத்தார்கள், எண்ணெய் ஊற்றினார்கள். மதியம் சோதனை. காரைத் தட்டில் ஏற்றி, கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, ஆள் வெளியே வந்த பிறகுதான் லிஃப்ட் சாவியைத் திருப்பிப் பட்டனை அமுக்க வேண்டும் என்று லிஃப்ட்காரர் மூன்று தடவை சொன்னார். தம்பி பட்டனை அமுக்கினான். அண்ணியின் கார் மெல்ல எழும்பியது. ஒவ்வொரு சாணுக்கும் பாதுகாப்புக் கொக்கி டக், டக் என்று விழுந்தது. உச்சியில் போய் நின்றதும் எல்லோரும் கை தட்டினார்கள். மகள் படம் எடுத்தாள். அந்தப் படத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறார்கள், அண்ணி மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"எப்ப வண்டி வேணும்னாலும் ஒரு குரல் குடுங்க அண்ணி. எந்த நேரமானாலும் சரி. இறக்கித் தர்றது என் பொறுப்பு" என்றான் தம்பி. மனதாரத்தான் சொன்னான். அவனிடம் ஒரு துளி வஞ்சகம் கிடையாது. இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பழக்கதோஷத்தில் அவள் ஷெட்டுக்குப் போனாள். தலைக்கு மேலே தன் கார் நின்றது. அதன் அடிவயிற்றை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள். சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. தம்பியின் காரை நகர்த்தாமல் மேலே இருப்பதை இறக்க முடியாது. நகர்த்தலாம் என்றால் அதன் சாவி அவர்கள் படுக்கையறையில். அந்த அறைக் கதவை ஒரு நாளும் அவள் தட்டியதில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பாலை வைத்தாள். பால் சீக்கிரமே பொங்கிவிட்டது.

நடந்து போகலாமே என்று கேட்பீர்கள். அதையும் செய்து பார்த்தாள். தெருமுனைக்குள் மூன்று பேர், "என்ன அண்ணி, இந்நேரத்துக்கு எங்க?" என்றார்கள். ஒருவர் அக்கறையோடு கூடவே நடந்தார்.

மூன்றாம் நாள் தாங்க முடியாமல் குரல் கொடுத்தாள். தம்பி தூக்கக் கலக்கத்தில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான்.

"என்னாச்சு அண்ணி? எங்க போகணும்?"

"மருந்துக் கடைக்கு."

"யாருக்கு முடியல? உங்களுக்கா? என்ன செய்யுது?"

"லேசாத் தலைவலி."

"தலைவலியோட நீங்க கார் ஓட்டுவீங்களா? நல்லா இருக்கே. போய்ப் படுங்க." அவனே போய் மாத்திரை வாங்கி வந்தான். மாத்திரையோடு தைலம், சுடுதண்ணீர், தம்பி மனைவி தலையைப் பிடித்துவிடுவது என்று காலை முழுக்க உபசாரம் நடந்தது. மாலைக்குள் அண்ணிக்கு உண்மையாகவே தலை வலித்தது.

அடுத்த வாரம் டயருக்குக் காற்று அடிக்க வேண்டும் என்றாள். வேலையிலிருந்து வருவதற்குள் தம்பி அவளுடைய காரை இறக்கி, கொண்டுபோய்க் காற்று அடித்து, திரும்பவும் மேலே ஏற்றிவிட்டிருந்தான். "உங்களுக்கு எதுக்கு அண்ணி அலைச்சல்?"

வேறு வழியில்லாமல் அவள் ஒரு சிநேகிதியை உண்டாக்கினாள். எடைமேடையில் முன்பு கூட வேலை பார்த்தவள், ஓய்வு பெற்றவள், ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறவள், முட்டியில் ஆபரேஷன் ஆகித் தனியாகக் கிடக்கிறவள். காலையில் போய் ஒரு மணி நேரம் துணைக்கு இருந்துவிட்டு வர வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள். கணக்குப் போட்டு ஜோடித்த பொய். நன்றாகவே நின்றது. தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, தன் காரை வெளியே எடுத்து, அவளுடையதை இறக்கி, கையசைத்து வழியனுப்பினான்.

முதல் நாள் சுற்றுச்சாலையில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னலை இறக்கிவிட்டுப் பாடினாள்.

இரண்டாம் நாள் தம்பி மனைவி ஒரு பாத்திரத்தை நீட்டினாள். "உங்க சிநேகிதிக்குக்கா. சூடா சூப் வெச்சிருக்கேன். தனியா இருக்கறவங்க, யாரு சமைச்சுத் தருவா? உப்பு போதுமான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க."

சாலையோரத்தில் காரை நிறுத்தி அண்ணியே அதைக் குடித்தாள். கொட்ட மனம் வரவில்லை. அதற்காக ஐந்து மணிக்கு எழுந்து காய் நறுக்கியிருக்கிறாள் ஒருத்தி. "உப்பு சரியா இருந்துச்சாம்" என்று வந்து சொன்னாள். அடுத்த தடவை பாத்திரம் பெரிதாயிற்று. அடுத்த வாரம் முட்டிக்குக் கட்டிக்கொள்ள மகள் ஒரு பட்டை வாங்கிக் கொடுத்தாள். எந்த முட்டி, வலதா இடதா என்று தம்பி கேட்டான். வலது என்றாள். நாலு நாள் கழித்து இடது என்றாள். அவன் நம்பி, "ரெண்டுலயும் பண்ணிட்டாங்களா, பாவம்" என்றான். காரில் உட்கார்ந்தால் பாட்டு வரவில்லை. அடுத்து என்ன சொல்வது என்று யோசிக்கவே அந்த ஒரு மணி நேரம் போதவில்லை. இல்லாத ஒருத்தி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றாள்.

"ஞாயித்துக்கிழமை எல்லாருமா போய் அவங்கள பாத்துட்டு வந்துடலாம்" என்று தம்பி சொன்ன அன்றைக்கு அண்ணி அந்தச் சிநேகிதியைக் குணப்படுத்தி, வெளியூரில் இருக்கும் மகன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். கொன்றுவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. துக்கத்துக்கு எல்லோரும் கிளம்புவார்களே என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் கார் இறங்கவில்லை. தம்பி சொன்னபடி புது உறை போட்டு, நாலு மூலையிலும் கயிறு கட்டிவிட்டான். அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. எடைமேடையில் ஒரு சீட்டில் தேதியை மாற்றி அடித்துவிட்டு, டிரைவர் சுட்டிக்காட்டிய பிறகு பார்த்தாள். "கிலோ அக்காவுக்கே கண்ணு மங்கிடுச்சா?" என்று அவன் சிரித்தான். வாழ்க்கையில் அவளுக்கு அத்தனை அவமானம் வேறு எதிலும் வந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"தம்பி, எனக்கு சிநேகிதின்னு யாரும் கிடையாது. முட்டியும் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது. நான் சும்மா கார எடுத்துக்கிட்டுப் போவேன். தினமும் காலைல ஆறு மணிக்கு. அஞ்சு வருஷமாப் போயிட்டிருந்தேன். எங்கயும் போக மாட்டேன், சும்மாதான். அது இல்லாம என்னால இருக்க முடியல."

தம்பி கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டான்.

"நாங்க ஏதாவது கொற வெச்சுட்டமா அண்ணி?" என்றான் தம்பி. குரல் உடைந்திருந்தது.

"இல்லப்பா."

"அப்பறம் ஏங்கக்கா?" என்ற அவன் மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. "அந்த சூப்பெல்லாம்..."

"நான்தான் குடிச்சேன். நல்லா இருந்துச்சு."

மகள்தான் முதலில் சிரித்தாள். அவளைப் பார்த்துத் தம்பி மனைவியும் அழுகையோடு சிரித்தாள். தம்பி மட்டும் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்தான். முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது.

"அஞ்சு வருஷமா தனியாவே போயிட்டு வந்திருக்கீங்க" என்றான். "எங்ககிட்ட சொல்லணும்னுகூட உங்களுக்குத் தோணல. நாங்க அப்படி விட்டிருக்கோம். இனிமே நீங்க தனியாப் போக வேணாம் அண்ணி. நாங்களும் வர்றோம்."

"இல்ல தம்பி, நான்..."

"நீங்க ஒண்ணும் பேசாதீங்க. இது எங்க கடம."

மறுநாள் காலை ஆறு மணிக்கு மூன்று பேரும் குளித்துத் தலைவாரித் தயாராக நின்றார்கள். உறை கழற்றப்பட்டிருந்தது. கார் இறக்கப்பட்டிருந்தது. தம்பி மனைவியின் கையில் தேநீர்க் குடுவையும் நாலு டம்ளரும் இருந்தன. பெரிய காரில் போகலாமே என்று மகள் சொன்னதற்கு, "பெரியம்மாவுக்கு அவங்க வண்டிலதான் சந்தோஷம்" என்று தம்பி அடக்கினான். நாலு பேர் ஏறியதும் சின்னக் கார் அமுங்கியது. ஸ்டீயரிங்கைப் பிடித்ததுமே அண்ணிக்குத் தெரிந்துவிட்டது, இது அவள் ஓட்டிய வண்டியில்லை. மேம்பாலம் ஏறும்போது இரண்டாவது கியருக்குப் போக வேண்டியிருந்தது.

"எங்க அண்ணி போறோம்?" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி. செல்போனில் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தான்.

"சும்மாதான்."

"சும்மான்னு போட்டா இதுல வரமாட்டேங்குதே" என்று சிரித்தான். "ஏரிக்கரைன்னு போடறேன். எல்லாருக்கும் பொதுவா இருக்கும்."

அப்புறம் போன் பேச ஆரம்பித்தது. முந்நூறு மீட்டரில் இடது பக்கம் திரும்பவும் என்றது. அண்ணி திரும்பினாள். பின் சீட்டில் மகள் பாட்டுப் போட்டாள். தம்பி, "அண்ணி, முன்னாடி சைக்கிள், பாத்து" என்றான். வளைவு வரும் முன்பே ஹாரன் அடிக்கச் சொன்னான். அண்ணி அடித்தாள். ஏரிக்கரையில் இறங்கித் தேநீர் குடித்தார்கள், படம் எடுத்தார்கள். சரியாக ஏழு மணிக்குக் கிளம்பினார்கள்.

திரும்பி வரும்போது அவள் ஒரே ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாளைக்கு நான் மட்டும் போயிட்டு வர்றேன். இதில் பொய் இல்லை, சிநேகிதி இல்லை, முட்டி இல்லை. கோபம் வந்தாலும் வரட்டும். அழுதாலும் அழட்டும். இரண்டு நாளில் சரியாகிவிடும். ஷெட்டு வாசலில் இறங்கியதும் சொல்லிவிட வேண்டும். இந்தத் தடவை உறுதியாகத்தான் இருந்தாள், நான் அடித்துச் சொல்வேன்.

தட்டில் காரை ஏற்றி நிறுத்தி, பிரேக் போட்டு இறங்கினாள். "தம்பி" என்று கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் தம்பி மனைவி பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காற்றில் கலைந்த முடியை ஒதுக்கிக்கொள்ளக்கூட இல்லை. முகம் சின்னப் பெண்ணின் முகம் மாதிரி இருந்தது.

"அக்கா, ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டீங்களே?" என்றாள், புருஷனுக்குக் கேட்காத குரலில். "கல்யாணமாகி இருபது வருஷமாச்சு. கடைக்குன்னு போயிருக்கேன், ஆஸ்பத்திரிக்குன்னு போயிருக்கேன், இவ ஸ்கூலுக்குன்னு போயிருக்கேன். ஒரு காரணமும் இல்லாம வாசலத் தாண்டினது இன்னைக்குத்தான்கா. இப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது. நாளைக்கும் போலாமா? தினமும் கூட்டிட்டுப் போவீங்களா?"

அது என்ன சந்தோஷம் என்று அண்ணிக்கு நன்றாகத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் அத்தனை நன்றாகத் தெரியாது. அதை இவள் கையிலிருந்து எப்படிப் பிடுங்குவது?

"போலாம்" என்றாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தம்பி லிஃப்ட் சாவியைத் திருப்பினான்.